கோழி எச்சம்: சராசரி 2, திட்ட விலக்கம் 1.4

ஜிம்பாப்வேயின் கிராமப்புறத்தில் 23 கைக்குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஆய்வாளர்கள் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 130 மணி நேரம். குழந்தையின் கை எதைத் தொடுகிறது, அந்தக் கை எப்போது வாய்க்குப் போகிறது, கையோடு சேர்ந்து என்ன உள்ளே போகிறது என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்கள். 2013இல் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் முடிவு வெளிவந்தது. மூன்று குழந்தைகள் மண்ணை அள்ளித் தின்றன. ஆறு மணி நேரத்தில் சராசரி 11.3 பிடி. இரண்டு குழந்தைகள் கோழி எச்சத்தைத் தின்றன. சராசரி 2 முறை, திட்ட விலக்கம் 1.4.

இரண்டே இரண்டு குழந்தைகள். அவற்றுக்கு ஒரு சராசரி. அந்தச் சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம். பள்ளிக் கணக்கு மறக்காதவர்கள் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தை ஒரு முறை தின்றிருக்கிறது, இன்னொன்று மூன்று முறை. அப்படியே எழுதியிருந்தால் படிப்பவருக்குக் குமட்டும். தசமப் புள்ளி வைத்து எழுதினால் குமட்டாது, மேற்கோள் காட்டலாம். முதல் முறை கை வாய்க்குப் போனது, குறித்தாயிற்று. இரண்டாம் முறையும் குறித்தாயிற்று. மூன்றாம் முறையும் அந்தக் கை தடையில்லாமல் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு மூன்று ஆகும்.

உட்கார்ந்து குறித்தவர்களைக் கொடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர்கள், படித்தவர்கள், அந்தக் குழந்தைகள் மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். என் ஆத்திரத்துக்குக் காரணமே அதுதான். கொடியவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கதை 2009இல் தொடங்குகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜீன் ஹம்ஃப்ரி லான்செட் இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஏழை நாட்டுக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் வளராமல் போவதற்குச் சோறு போதாதது மட்டும் காரணமில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் கையிலும் ஒட்டியிருக்கும் மலக்கிருமிகள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகின்றன. வயிற்றுப்போக்கு வந்தால்தான் என்றில்லை. வராமலே குடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மொண்ணையாகின்றன, சுவர் கசிகிறது, உடல் ஓயாமல் கிருமியோடு மல்லுக்கு நிற்கிறது. தின்ற கொஞ்சமும் வளர்ச்சிக்குப் போகாமல் சண்டைக்குப் போகிறது. நல்ல கருதுகோள். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகள் இப்படி வளர்ச்சி குன்றி இருக்கிறார்கள். சுத்தமான தண்ணீர், கழிப்பறை, சோப்பு கிடைத்தால் அவர்கள் வளரக்கூடும் என்றால், அடுத்து என்ன செய்ய வேண்டும்?

குழாய் போட வேண்டும் என்று சொல்பவர் நிதி விண்ணப்பம் எழுதத் தெரியாதவர். ஆய்வு செய்ய வேண்டும்.

ஜிம்பாப்வேயின் ஷுருக்வி, சிருமன்சு மாவட்டங்களில் 2012 நவம்பர் முதல் 5,280 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் கேட்ஸ் அறக்கட்டளை, பிரிட்டிஷ் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறை, வெல்கம் டிரஸ்ட், இன்னும் சில பெரிய கைகள். ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சுகாதாரம் கிடைக்கும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றுக்குழாய் வைத்த குழிக் கழிப்பறை ஒன்று, கை கழுவ இரண்டு தொங்கு கேன்கள், திரவ சோப்பு, குடிநீரில் ஊற்றக் குளோரின், குழந்தை விளையாட ஒரு பாய், பாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வேலி. வேலி எதற்கு? கோழி உள்ளே வராமல் இருக்க. ஆறு மணி நேரத்துக்கு 2 முறை என்ற கண்டுபிடிப்பு வீணாகவில்லை, பாருங்கள்.

தண்ணீர்? அது பொதியில் இல்லை. கை கழுவும் கேன் வந்தது. கேனுக்குள் ஊற்றும் தண்ணீரை வழக்கம்போல் பெண்கள்தான் சுமந்துவர வேண்டும். கர்ப்பிணிகள் என்று சொன்னேன் அல்லவா?

அந்தக் கழிப்பறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜிம்பாப்வேக்காரர்கள் அதை பிளேர் கழிப்பறை என்பார்கள். 1970களில் அந்நாட்டின் பிளேர் ஆய்வுக்கூடத்தில் உருவான வடிவம். இருட்டான உள்ளறை, வலை போட்ட காற்றுக்குழாய். வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும் ஈ அந்த வலையில் மாட்டிச் சாகும். விடுதலைக்குப் பின் 1980களில் அரசே கிராமம் கிராமமாக அதைக் கட்டியது. 1991இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் பரிந்துரைத்த கட்டமைப்புச் சீரமைப்பு வந்தது. மக்கள் நலச் செலவுக்குக் கத்தரி விழுந்தது. பிறகு ஆட்சியாளர்களின் சொந்தத் திறமையில் பொருளாதாரமே தரைமட்டமானது. 2008இல் தலைநகரின் குடிநீர் அமைப்பு உருக்குலைந்து காலரா வெடித்தபோது, நாடெங்கும் ஏறத்தாழ 98,000 பேர் நோயுற்று 4,200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதெல்லாம் நடந்து நான்கே ஆண்டுகளில், அந்நாட்டின் பழைய கழிப்பறையே அந்நாட்டுக்கு ஒரு பரிசோதனைப் பொருளாகத் திரும்பி வந்தது. தாய்வீட்டுச் சீரை மாமியார் வீட்டில் ஏலம் விட்ட மாதிரி.

இதே காலத்தில் வங்காளதேசத்தில் 5,551 கர்ப்பிணிகள், மேற்குக் கென்யாவில் 8,246 கர்ப்பிணிகள் என்று இன்னும் இரண்டு மாபெரும் ஆய்வுகள். வங்காளதேசத்தில் கழிப்பறையோடு, முற்றத்தில் கிடக்கும் மலத்தை அள்ள ஒரு கரண்டியும் கொடுத்தார்கள். கென்யாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த உதவியும் பெறாத ஒப்பீட்டுக் குழு அங்கே இரண்டு வகை. ஒன்று செயல்படும் ஒப்பீட்டுக் குழு: மாதம் ஒருமுறை ஆள் வந்து குழந்தையின் புஜத்தை டேப்பால் அளந்துவிட்டுப் போவார், வேறொன்றும் தரமாட்டார். இன்னொன்று செயல்படாத ஒப்பீட்டுக் குழு: அளக்கவும் ஆள் வராது. ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதிலும் இரண்டு தரம் பிரித்த நுட்பத்தை நம் ரேஷன் கடைக்காரர்கள்கூட இன்னும் எட்டவில்லை.

ஆய்வுமுறை வகுப்பில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆள் வந்து போவதே குழந்தையை வளர்த்துவிடுமோ என்ற சந்தேகத்தைக் களைய வேண்டும். களைந்தார்கள். வளர்க்கவில்லை.

2018 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் முடிவுகள் வந்தன. மூன்று நாடுகளிலும் கழிப்பறை, குளோரின், சோப்பு ஆகியவற்றால் குழந்தைகள் ஒரு நூல்கூடக் கூடுதலாக வளரவில்லை. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் அதுவும் குறையவில்லை. குலுக்கலில் வேறு சில ஊர்களுக்குச் சத்துணவுப் பசை விழுந்திருந்தது; அதைத் தின்ற குழந்தைகள் மட்டும் சற்றே உயர்ந்தார்கள். ஜிம்பாப்வேயில் அந்த உயர்வு 0.16 திட்ட விலக்கம், அதாவது பதினெட்டு மாதக் குழந்தையின் உயரத்தில் அரை சென்டிமீட்டரைவிடக் குறைவு. ஆனாலும் வளர்ச்சி குன்றியவர்கள் 35 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள். சோறு போட்டால் பிள்ளை வளரும் என்பது இவ்வாறு முறையாக நிரூபணமானது. நம் பாட்டிகளிடம் தரவு இல்லாத குறை தீர்ந்தது.

முடிவு வெளியானதும் பெரிய மனிதர்களுக்குப் பெரிய கலக்கம். "கழிப்பறையால் பயனில்லை என்று ஆய்வு சொல்கிறது" என்று எந்த நிதியமைச்சராவது பட்ஜெட்டில் கோடு போட்டுவிட்டால்? ஆகவே 2019இல் ஆய்வாளர்கள் கூடி ஓர் ஒருமித்த அறிக்கை வெளியிட்டார்கள். அதன் சாரம்: குறைந்த செலவுச் சாதனங்களை வீட்டுக்கு வீடு கொடுப்பது போதாது, குழந்தையின் சூழலிலிருந்து மலத்தை அடியோடு அகற்றும்படியான, எல்லாவற்றையும் மாற்றியமைக்கும் தண்ணீர், துப்புரவு ஏற்பாடு வேண்டும். தமிழில் சொன்னால், குழாயும் சாக்கடையும்.

ஏறத்தாழ 19,000 கர்ப்பிணிகள், மூன்று நாடுகள், பத்தாண்டுகள். கடைசியில் வந்து சேர்ந்த இடம் குழாயும் சாக்கடையும்.

இந்த இடத்துக்கு வந்து சேர இவ்வளவு தூரம் நடந்திருக்கவும் வேண்டாம். 1960களில் கிழக்குப் பாகிஸ்தானுக்கு பீஸ் கோர் தொண்டர்களாக அமெரிக்க இளைஞர்கள் வந்தார்கள். நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளைகள். வந்து சில மாதங்களில் அவர்கள் குடலும் உள்ளூர்க்காரர் குடலைப் போலவே மொண்ணையானது. குழாய் செருகித் திசு எடுத்துப் பார்த்தார்கள். ஊர் திரும்பிய பிறகு மறுபடி பார்த்தார்கள். குடல் தானாகவே சரியாகிவந்தது. மாத்திரை இல்லை, கேன் இல்லை, கோழிவேலி இல்லை. விமான டிக்கெட்தான் மருந்து. 1971இல் இது அச்சிலேயே வந்துவிட்டது. நோய் அந்த மனிதர்களின் உடம்பில் இல்லை, அவர்களை வாழவிட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நமக்கும் இதில் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் நம் ஊர் மக்களின் குடலைத்தான் ஆராய்ந்து 1972இல் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. 2009இல் எட்டு நாடுகளில் தொடங்கிய ஒரு பெரும் குழந்தைநல ஆய்விலும் வேலூர் ஒரு களம்; பெருவின் அமேசான் காட்டோரமும் தான்சானியாவின் ஹைடோமும் மற்ற களங்களில் சில. வாரத்துக்கு இருமுறை வீட்டுக்கு ஆள், மாதத்துக்கு ஒருமுறை மலம், அவ்வப்போது ரத்தம், சிறுநீர். வேலூர்ச் சேரிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்த ஆய்வும் நடந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி விஷயத்தில், பாட்டில் தண்ணீர் குடித்த பிள்ளைக்கும் குழாய்த் தண்ணீர் குடித்த பிள்ளைக்கும் பெரிய வேறுபாடில்லை. இருக்காதே! பாட்டிலுக்கு வெளியே தெரு அப்படியேதான் இருந்தது. 1972இல் குடலைக் கொடுத்த ஊர், அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் மலத்தையும் கொடுத்தது. கொடுக்கல் இருக்கிறது, வாங்கல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இனி லண்டனுக்குப் போவோம். 1858 கோடைகாலம். நகரத்தின் மலம் முழுவதும் தேம்ஸ் நதியில். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறுகிறது. நதிக்கரையில் நாடாளுமன்றம். உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில், அதாவது நாம் சொல்லும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில், நனைத்துத் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். பலிக்கவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி மசோதா கொண்டுவருகிறார். பதினெட்டே நாளில் சட்டமாகிறது. முப்பது லட்சம் பவுண்டு. பொறியாளர் பசல்ஜெட் 30 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்களை வைத்து நகரத்தின் அடியில் 132 கிலோமீட்டருக்குப் பெரிய சாக்கடைகளைக் கட்டுகிறார்.

அந்த நாளில் நம் காலத்து நிபுணர் ஒருவர் மட்டும் லண்டனில் இருந்திருந்தால்!

"ஐயா, அவசரப்படாதீர்கள். முப்பது லட்சம் பவுண்டு என்கிறீர்கள். சாக்கடை வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"நாறுகிறதே, ஐயா!"

"நாற்றம் அனுபவம், ஆதாரமல்ல. முதலில் உறுப்பினர்களைத் தொகுதி வாரியாகப் பிரித்துக் குலுக்கல் போடுவோம். ஒரு பிரிவுக்குக் கயிற்றில் கட்டிய தகரக் குவளை இரண்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர். இன்னொரு பிரிவுக்குக் குளோரின்."

"குளோரினைத்தான் திரைச்சீலையில் முக்கித் தொங்கவிட்டிருக்கிறோமே. பலிக்கவில்லை."

"அது முன்னோட்ட ஆய்வு. மாதிரி அளவு போதாது. மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. மாதாமாதம் ஆள் வந்து கனம் உறுப்பினரின் புஜத்தை அளப்பார்."

"நான்காம் பிரிவு?"

"அவர்களுக்கு அளக்கவும் ஆள் வராது. பிரபுக்கள் சபையை அதில் போடலாம் என்று நினைக்கிறேன்."

"முடிவு எப்போது தெரியும்?"

"உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதம் ஆனதும் உயரம் அளப்போம். அதுவரை நதியை இப்படியே விட்டுவையுங்கள், ஐயா. சூழல் மாறினால் தரவு கெட்டுவிடும்."

டிஸ்ரேலி இவரை தேம்ஸிலேயே தள்ளியிருப்பார். எந்த நெறிமுறைக் குழுவும் ஆட்சேபித்திருக்காது.

இதில் உச்சம் என்னவென்றால், லண்டன்காரர்கள் சாக்கடை கட்டியது தப்பான விஞ்ஞானத்தை நம்பி. நாற்றம்தான் காலராவைப் பரப்புகிறது என்பது அன்றைய பெரிய மருத்துவர்களின் முடிவு. தண்ணீரில்தான் நோய் வருகிறது என்று ஜான் ஸ்நோ 1854இலேயே ஒரு தெருவின் அடிபம்பைக் காட்டிச் சொல்லியிருந்தார். பெரும்பாலோர் காதில் ஏறவில்லை. நாற்றத்தைப் போக்கக் கட்டிய சாக்கடை தற்செயலாகக் கிருமியையும் கொண்டுபோனது. 1866இல் காலரா மறுபடி வந்தபோது லண்டனில் அது எங்கே பிடித்தது தெரியுமா? சாக்கடை வேலை இன்னும் முடியாத கிழக்குப் பகுதியில். 5,500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். யாரும் திட்டமிடாமலே அமைந்த ஒப்பீட்டுக் குழு. யார் ஏழையோ அவர்கள்தான் அதில் இருந்தார்கள். அதன் முடிவும் 1866இலேயே வந்துவிட்டது. நகரத்தில் அதற்குப் பிறகு பெரிய காலரா கிடையாது.

ஆக, பணக்காரனுக்கு நாற்றம் அடித்தால் தப்பான கோட்பாடே போதும். சரியான சாக்கடை வந்துவிடும். ஏழைக்குச் சரியான கோட்பாடு, சரியான புள்ளியியல், சரியான குலுக்கல் எல்லாம் கிடைக்கும். சாக்கடை மட்டும் வராது. பால்டிமோரிலும் சியாட்டிலிலும் இந்த ஆய்வுகளைத் திட்டமிட்டவர்கள், பணம் கொடுத்தவர்களின் அலுவலகக் கழிப்பறைகள் எந்தச் சோதனையில் தேறியவை? அங்கே தண்ணீர் வருகிறது, ஏனென்றால் வர வேண்டும். அதற்குமேல் யாரும் அங்கே காரணம் கேட்பதில்லை.

"நாங்கள் வெறும் ஆய்வாளர்கள், குழாய் போடுவது அரசின் வேலை" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன கேள்வி கேட்பது என்பது அவர்கள் வேலைதானே? இந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் எதைக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். "குறைந்த செலவில் எங்கும் பரப்பத்தக்க" என்பது நிதிவிண்ணப்பங்களின் மந்திரம். அரசியல்வாதி வெட்கப்பட்டுக்கொண்டே செய்த கஞ்சத்தனத்தை, வெட்கப்படாமல் செய்ய ஒரு மொழி கிடைத்தது. நோயைவிட அந்த மொழி வேகமாகப் பரவியிருக்கிறது.

2018 நவம்பரில் பீஜிங்கில் ஒரு கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே மனித மலம். இதில் எத்தனை கிருமி இருக்கும் தெரியுமா என்று கேட்டு எண்ணிக்கை சொன்னார். சாக்கடையே வேண்டாத கழிப்பறையைக் கண்டுபிடிக்க அவருடைய அறக்கட்டளை ஏழு ஆண்டுகளில் 20 கோடி டாலர் செலவிட்டிருந்தது. உலக ஊடகங்கள் அந்தக் குடுவையைப் பார்த்து அசந்துபோயின. சிருமன்சுவின் குழந்தை அதையே தரையில், குடுவை இல்லாமல், தினமும் பார்க்கிறது. அதற்காக யாரும் மேடை போடவில்லை.

ஷுருக்விக்குத் திரும்புவோம். அது ஏழை மண் என்று நினைத்தீர்களா? கிரேட் டைக் என்னும் நீண்ட பாறைத் தொடர் அந்த மாவட்டத்தின் வழியே ஓடுகிறது. குரோமியம் இருக்கிறது, தங்கம் இருக்கிறது, பிளாட்டினம் இருக்கிறது. குழந்தைகளின் உயரத்தை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதே மாவட்டத்தின் ஊன்கி சுரங்கத்திலிருந்து பிளாட்டினத் தாது வெளியே போய்க்கொண்டிருந்தது. பிளாட்டினம் எதற்கு? கணிசமான பகுதி காரின் புகைக்குழாய்க்குள் பொருத்தும் வினையூக்கிக்கு. நச்சுவாயுவை மாற்றிப் புகையைச் சுத்தமாக்கும். அந்த மண் உலகத்துக் கார்களின் வாயைச் சுத்தமாக வைத்திருக்கிறது. தன் குழந்தைகளின் வாய்க்கு அதற்குப் பிளாஸ்டிக் வேலி கிடைத்தது.

ஜிம்பாப்வே ஆட்சியாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2013இல் புது அரசியல் சட்டம் எழுதினார்கள். அதன் 77ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் சுத்தமான, பாதுகாப்பான குடிநீரையும் போதிய உணவையும் உரிமையாக்குகிறது. அருமையான பிரிவு, சட்டம் வந்தபோது ஆய்வுக்குக் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி தண்ணீர் உரிமை உள்ள பெண்ணிடம், தண்ணீர் இல்லாமல் கை கழுவும் கேனை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதிக்க ஒப்புதல் வாங்கப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் முகாபேக்கு உடம்புக்கு வந்தால் சிங்கப்பூருக்குப் பறந்தார். 2019 செப்டம்பரில் அங்கேதான் இறந்தார். பீஸ் கோர் தொண்டர்களுக்குப் பலித்த விமான டிக்கெட் வைத்தியத்தை அவரும் கையாண்டார், ஆனால் அவர் வயதுக்கு அது பலிக்கவில்லை.

உலகமும் சும்மா இருக்கவில்லை. 2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தண்ணீரையும் துப்புரவையும் மனித உரிமை என்று தீர்மானித்தது. 122 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. எதிர்த்துக் கை தூக்க யாருக்கு மனம் வரும்? 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அமெரிக்கா ஒதுங்கியது, பிரிட்டன் ஒதுங்கியது, கென்யாவும் ஒதுங்கியது. தண்ணீர் உரிமையா என்பதில் கருத்துச் சொல்ல விரும்பாத பிரிட்டன், தண்ணீர் பயன்படுமா என்று பார்க்கும் ஆய்வுக்கு இரண்டே ஆண்டுகளில் பணம் கொடுத்தது. இதை முரண் என்று சொல்லக்கூடாது. உரிமை என்று ஒப்புக்கொண்டால் கொடுத்தாக வேண்டும். ஆய்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. அறிக்கை கொடுத்தால் போதும்.

வயிற்றுப்போக்கால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இன்றும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் சாகிறார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றும் என்பது 1960களின் கடைசியில் டாக்காவிலும், 1971இல் வங்க அகதிகள் நெருக்கியடித்த பொன்காவ் முகாமில் திலீப் மஹலநாபிஸ் கையாலும் நிரூபணமானது. அது ஆய்வு. செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கூட்டல் கழித்தல் குறி போட்டுத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆய்வே வேண்டாம் என்று சொல்ல நான் மூடன் அல்ல. எதற்கு விடை தெரியாதோ அதை ஆராயுங்கள். விடை தெரிந்து, செலவுக்குப் பயந்து மறுபடி மறுபடி கேள்வித்தாளை நீட்டுவது ஆராய்ச்சி அல்ல. கடன்காரனை நாளைக்கு வா என்று சொல்வதுதான் அது.

நாளைக்கு என்பதற்கும் தேதிகள் இருந்தன. 1981 முதல் 1990 வரை குடிநீர், துப்புரவுப் பத்தாண்டு என்று ஐக்கிய நாடுகள் அறிவித்தது. 1990இல் எல்லோருக்கும் தண்ணீர். நடக்கவில்லை. பிறகு 2015, இலக்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள், துப்புரவில் அதுவும் எட்டவில்லை. இப்போது 2030, மறுபடி எல்லோருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தண்ணீர் கிடைத்திருக்க வேண்டிய 1990இல் சிருமன்சுவில் ஒரு பெண் பிறந்திருந்தால், 2013இல் அவளுக்கு 23 வயது. கர்ப்பிணியாக ஆய்வில் சேர்ந்திருப்பாள். அவள் பெற்ற பெண்ணுக்கு 2030இல் 17 வயது நடக்கும். இந்த இலக்கும் தவறினால் அவசரம் ஒன்றுமில்லை. இன்னும் ஓராண்டு பொறுத்தால் அந்தப் பெண்ணுக்கு 18 ஆகிவிடும். அடுத்த ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் அவளே கையெழுத்துப் போடலாம்.